முப்பத்தோராம் நாளுக்குப் பிறகு: மரண சகாயச் சங்கங்களுக்கும் முதியோர் சங்கங்களுக்கும் ஒரு திறந்த மடல்

யாழ்ப்பாணக் குடாநாட்டு ஊர்களில் இயங்கும் மரண சகாயச் சங்கங்கள், முதியோர் சங்கங்கள், சனசமூக நிலையங்கள் ஆகியவற்றின் நிருவாகிகள் அனைவருக்கும் வணக்கம்.

ஓர் இழவுச் செய்தி வந்து ஒரு மணி நேரம் ஆவதற்குள், கேட்பாரின்றியே, கதிரைகளும் தறப்பாளும் செத்தவீட்டு முற்றத்துக்கு வந்து சேர்வதை நான் சிறு வயது முதல் பார்த்து வருகிறேன். அது உங்கள் சங்கங்களின் உழைப்பு. எட்டுச்செலவு, கீரிமலையில் அந்தியேட்டி, வீட்டுக்கிருத்தியம் என்று முப்பத்தோராம் நாள்வரை எந்த நாளில் எது நடக்கவேண்டும், அதற்கு யார் பொறுப்பு என்பதெல்லாம் ஊரில் ஒழுங்காக இருக்கின்றன. இறந்தவரின் மக்கள், மருமக்கள், பேரப்பிள்ளைகள் பெயரெல்லாம் ஒன்றும் விடுபடாமல் கல்வெட்டு என்னும் நினைவு மலரில் அச்சாகி விடுகின்றன. முப்பத்திரண்டாம் நாள் காலையில், விமானச் சீட்டின் திகதி நெருங்கிய பிள்ளைகள் மேசையைச் சுற்றி இருந்து, "அப்பாவின் காணி உறுதிகள் எங்கே?" என்று கேட்கும்போதுதான், அதுவரை யாரும் எந்த ஒழுங்கும் செய்யாத ஒரு வேலை இருப்பது வீட்டாருக்குத் தெரிய வருகிறது. தம் சொத்து யாருக்கு என்று உயிரோடிருக்கும்போதே மரணசாதனத்தில் எழுதிவைக்கும் அந்த வேலையைப் பற்றியே இம்மடலை எழுதுகிறேன்.

நான் முப்பத்தைந்து ஆண்டுகள், உறுதிகளை எழுதி அத்தாட்சிப்படுத்தும் ஒரு நொத்தாரிசின் அலுவலகத்தில் இலிகிதராக இருந்து ஓய்வுபெற்றவன். சட்டத்தரணி அல்லன். ஆனால் நன்கொடை உறுதி, அறுதி உறுதி, ஈட்டு உறுதி, சீதன உறுதி, மரணசாதனம் என்று ஆயிரக்கணக்கான ஆவணங்களைப் பிரதி எடுத்தவன் என்ற வகையில், எந்தத் தாள் இருந்த வீட்டில் அமைதி இருந்தது, எது இல்லாத வீட்டில் வழக்கு வந்தது என்பதைச் சொல்லும் தகுதி எனக்கு உண்டென்று நினைக்கிறேன். இன்னொரு தகுதியும் உண்டு. அதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மற்றவர்களின் மரணசாதனங்களை மாதத்துக்கு நாலைந்து என்று எழுதிக்கொண்டிருந்த நான், என் தகப்பனாரிடம் அவர் வாழ்ந்த காலத்தில் அந்தப் பேச்சை ஒருமுறைகூட எடுக்கவில்லை.

எங்கள் வீடு வலிகாமத்தில், நாலு பரப்புக் காணிக்குள் இருக்கிறது. அரசாங்க உத்தியோகத்திலிருந்த தகப்பனார் தம் சம்பளத்தில் வாங்கிக் கட்டியது. பிள்ளைகள் ஆறு பேர். மூத்த அண்ணர் ரொறன்ரோவில், அக்கா லண்டனில், இன்னொரு தங்கை சுவிஸில். தம்பி ஒருவர் பாரிஸில் இறந்துவிட்டார். அவருக்கு இரண்டு பிள்ளைகள். நான் இங்கே வேறு வீட்டில் இருக்கிறேன். கடைசித் தங்கை மணம் முடிக்கவில்லை. 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் தாய் தகப்பனைத் தென்மராட்சிக்குக் கூட்டிச் சென்றதும், திரும்பி வந்து ஓடில்லாத கூரையை வேய்ந்ததும், தகப்பனார் படுக்கையில் கிடந்த மூன்று ஆண்டுகளும் அவரைக் குளிப்பாட்டித் துடைத்ததும் அவள்தான். அதற்காக அந்த வீடு அவளுக்கே என்பதில் எங்களில் எவருக்கும் அப்போது மறுகருத்து இருக்கவில்லை. தகப்பனாரே ஒரு கொப்பித் தாளில், "இந்த வீடும் வளவும் சின்னவளுக்கு" என்று தம் கையால் எழுதி, ஒப்பமும் வைத்து, சுவாமியறைப் பெட்டிக்குள் வைத்திருந்தார். அவர் 2011இல் இறந்து முப்பத்திரண்டாம் நாள் நாங்கள் அதை எடுத்து வாசித்தபோது அழாதவர் இல்லை. அந்தத் தாள் சட்டத்தின் முன் செல்லாது என்பது அந்த அறையில் எனக்கு மட்டும் தெரிந்திருந்தது.

ஏன் செல்லாது என்பதை உங்கள் உறுப்பினர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி ஒரு மரணசாதனம் எழுத்தில் இருக்க வேண்டும். அதன் முடிவில் எழுதுவிப்பவர் ஒப்பமிட வேண்டும். அந்த ஒப்பம் ஒரு நொத்தாரிசும் குறைந்தது இரண்டு சாட்சிகளும் ஒரே நேரத்தில் கூடியிருக்கும்போது இடப்பட வேண்டும். நொத்தாரிசு இல்லாமலும் எழுதலாம். ஆனால் அப்போது ஐந்து சாட்சிகள் வேண்டும். அந்த ஐவரும் ஒரே நேரத்தில் அங்கே இருக்க வேண்டும். இன்றைக்கு இருவர், நாளைக்கு மூவர் என்று வீடு வீடாகக் கொண்டுபோய் ஒப்பம் வாங்கினால் பயனில்லை. சாட்சியில்லாமல் தன் கையால் எழுதி வைத்த கடிதத்துக்கும், கைத்தொலைபேசியில் பதிவுசெய்து பிள்ளைகளுக்கு அனுப்பிய குரலுக்கும், ஐயர் முன்னிலையில் சொன்ன சொல்லுக்கும் குடும்பத்துக்குள் எவ்வளவு மதிப்பிருந்தாலும் காணிப் பதிவகத்தில் மதிப்பில்லை. என் தகப்பனார் அன்று அயலில் ஐந்து பேரைக் கூப்பிட்டு விறாந்தையில் இருத்தியிருந்தால் போதும். தேநீருக்கு வரும் ஆட்களே அதற்கு மேல் இருப்பார்கள்.

மரணசாதனம் இல்லாதபடியால் சட்டம் தானாகவே பங்கைப் பிரித்தது. வீடு, மணவாழ்வின்போது விலை கொடுத்துத் தேடிய தேடியதேட்டம் என்பதால் பாதி தாயாருக்கும் மீதிப் பாதி ஆறு பிள்ளைகளுக்கும் போனது. ஐந்து ஆண்டுகளின் பின் தாயாரும் காலமாக, அவருடைய பாதியும் எங்களிடம் வந்து ஆளுக்கு ஆறில் ஒன்று ஆயிற்று. இறந்த தம்பியின் பங்கு அவரது பிள்ளைகள் இருவருக்கும் பன்னிரண்டில் ஒன்றாகப் பிரிந்தது. பதினெட்டுக் குழி ஒரு பரப்பு என்று கணக்குப் பார்த்தால், வாழ்நாள் முழுவதையும் அந்த வீட்டுக்குக் கொடுத்த என் தங்கையின் பங்கு பன்னிரண்டு குழி. எல்லோரும் தங்கள் பங்கை அவளுக்கு எழுதிக் கொடுத்தால் முடிந்துவிடும் என்றுதான் நானும் நம்பினேன். அண்ணரும் அக்காவும், தம் சார்பில் வேறொருவர் ஒப்பமிட அதிகாரம் தரும் தத்துவப் பத்திரம் அனுப்பினார்கள். தம்பியின் பிள்ளைகள் பாரிஸில் பிறந்து வளர்ந்தவர்கள். தமிழ் வாசிக்கத் தெரியாது. எதற்கு ஒப்பம் கேட்கிறார்கள் என்று அவர்கள் ஐயப்பட்டதில் பிழை காண முடியாது. அவர்களில் ஒருவர் தம் பிரிபடாத பங்கை வெளியார் ஒருவருக்கு விற்க முன்வந்தார். கூட்டுரித்தாளருக்கு முதலில் வாங்கும் உரிமையை யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமை தருகிறது. 1947ஆம் ஆண்டின் முற்கொள்வனவுச் சட்டத்திலும் அது இருக்கிறது. ஆனால் உரிமை இருந்தாலும் காசு வேண்டுமே. யாழ்ப்பாணத்துக் காணி விலை என்னவென்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வாங்கியவர் 1977ஆம் ஆண்டின் பிரிவினைச் சட்டத்தின்கீழ் வழக்கு வைத்தார். துண்டாகப் பிரிக்க முடியாத வீடென்றால் விற்றுக் காசைப் பங்கிடும்படி கட்டளையிடவும் அந்தச் சட்டத்தில் இடமுண்டு. அந்த வழக்கு இன்னும் நடக்கிறது. எந்தத் தவணையிலும் என் தங்கை வராமல் விட்டதில்லை.

எங்கள் குடும்பம் பேராசைக் குடும்பம் அன்று. எவரும் எவரையும் ஏமாற்றவில்லை. ஐந்து நாடுகளில் சிதறிய ஒரு குடும்பத்துக்கு, ஒரே முற்றத்தைச் சுற்றி வாழ்ந்த குடும்பத்துக்கென எழுந்த பிரமாணம் பங்கு பிரித்துக் கொடுத்தது, அவ்வளவுதான் நடந்தது. "மரணசாதனம் எதற்கு, தேசவழமை பார்த்துக்கொள்ளும்" என்று உங்கள் கூட்டங்களில் பெரியவர்கள் சொல்வதை நான் கேட்டிருக்கிறேன். ஆகவே தேசவழமை எதைப் பார்த்துக்கொள்ளும், எதைப் பார்த்துக்கொள்ளாது என்பதைச் சற்று விரிவாக எழுத அனுமதியுங்கள்.

ஒல்லாந்தர் ஆட்சியில் திசாவை என்னும் ஆட்சி அதிகாரியாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் யாழ்ப்பாணத்து வழக்கங்களைத் திரட்டி எழுதினார். பன்னிரண்டு முதலிமார் அதைப் பார்வையிட்டுச் சரியென்று ஒப்பினர். 1707இல் அது நடைமுறைக்கு வந்தது. ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தால் அதற்கு முழு வலுக் கொடுத்தனர். முதுசம் (பரம்பரையாக வந்தது), சீதனம், தேடியதேட்டம் என்று சொத்தை வகைப்படுத்திப் பார்க்கும் நம் வழக்கம் அதிலிருந்து வருவது. 1911ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க யாழ்ப்பாண விவாக உரிமைகள், வழியுரிமைக் கட்டளைச் சட்டமும் அதற்கு 1947இல் வந்த திருத்தமும் இன்றைய நிலையைத் தீர்மானிக்கின்றன. மணவாழ்வின்போது விலை கொடுத்துத் தேடியதில், இறந்தவருக்கு உரியதாயிருந்த தேட்டத்தின் பாதி உயிரோடிருக்கும் கணவனுக்கு அல்லது மனைவிக்கும் மறுபாதி இறந்தவரின் உரித்தாளருக்கும் போகும். முதுசமோ பிள்ளைகளுக்குப் போகும். கணவனின் முதுசக் காணியில் கட்டிய வீட்டில் நாற்பது வருடம் சமைத்த பெண், அவர் மரணசாதனம் எழுதாமல் இறந்தால், பிள்ளைகளின் காணியில் குடியிருப்பவளாகிவிடுகிறாள். பிள்ளைகள் நல்லவர்களென்றால் அவளுக்கு வித்தியாசம் தெரியாது. மருமக்களும் வெளிநாட்டுக் கடன்களும் குறுக்கே வரும் நாளில் தெரியும்.

இன்னொன்றையும் உங்கள் கூட்டங்களில் சத்தமாக வாசிக்க வேண்டுகிறேன். ஒருவர் மரணசாதனத்தால் கையளிக்காமல் விட்ட தேட்டம்தான் இவ்வாறு பங்கிடப்படும் என்று அதே சட்டம் சொல்கிறது. அதாவது தேசவழமைக்குட்பட்ட யாழ்ப்பாணத் தமிழர் தம் சொத்தை விரும்பியவருக்கு எழுதிவைப்பதற்கு எந்தத் தடையும் இல்லை. 1844ஆம் ஆண்டின் 21ஆம் இலக்க மரணசாதனங்கள் கட்டளைச் சட்டம், காரணம் சொல்லாமலே பிள்ளையையும் விலக்கி எழுதும் அளவுக்கு இந்நாட்டவருக்குச் சுதந்திரம் கொடுத்திருக்கிறது. பிள்ளைகளை விலக்கி எழுதுங்கள் என்று நான் யாருக்கும் புத்தி சொல்லவில்லை. சமமாகப் பிரிப்பது வேறு, நீதியாகப் பிரிப்பது வேறு என்று அறிந்த தாய் தகப்பன், அந்த வித்தியாசத்தைத் தாளில் எழுதலாம் என்கிறேன். சீதனம் வாங்கிப் போன மூத்த மகளுக்கு மிகுதியில் பங்குண்டா என்ற கேள்வி நான் பார்த்த சண்டைகளில் பாதிக்கு முதற்காரணம். இரண்டு வரி எழுதியிருந்தால் அந்தக் கேள்வியே எழாது.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். மணமான ஒரு பெண் தன் சீதனக் காணியை விற்கவோ ஈடுவைக்கவோ நன்கொடையாக எழுதவோ கணவனின் எழுத்துமூல ஒப்புதலைப் பெற வேண்டும் என்று 1911ஆம் ஆண்டுச் சட்டம் சொல்வது பலருக்கும் தெரியும். சங்க மேடைகளில் அதைக் கண்டித்துப் பேசியும் வருகிறோம். அதே பிரிவிலேயே, மரணசாதனத்தால் கையளிக்கும்போது அந்த ஒப்புதல் தேவையில்லை, அவள் மணமாகாதவள் போலவே அதைச் செய்யலாம் என்று எழுதியிருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்? கணவனின் கையொப்பத்துக்காகப் பத்தாண்டு காத்திருந்த ஒருவர், மரணசாதனம் எழுத ஒப்புதல் வேண்டாம் என்று அறிந்ததும் எங்கள் அலுவலகக் கதிரையில் இருந்து சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது. தன் சீதனத்தைத் தன் மகளுக்கு, அதிலும் கணவனைப் பிரிந்து வந்த மகளுக்கு, எழுதிவிட்டு அவர் எழுந்து போனார். உங்கள் முதியோர் சங்கங்களில் பெரும்பான்மையினர் பெண்கள். ஆனால் என் பணிக்காலத்தில் மரணசாதனம் எழுத வந்தவர்களில் பெண்கள் மிகச் சிலரே.

"நாங்கள் நன்கொடை உறுதி எழுதிவிட்டோமே, சீவிய உரித்தையும் வைத்துக்கொண்டோமே" என்று, சாகும்வரை அனுபவிக்கும் உரிமையைத் தமக்கு வைத்துக்கொண்ட சிலர் சொல்வார்கள். அது தவறான வழியன்று. பெற்றோர் உயிரோடிருக்கையிலேயே பிள்ளையின் பெயருக்கு மாறிவிடுவதால் பின்னர் நீதிமன்றம் போகத் தேவையில்லை என்பது அதன் நன்மை. ஆனால் அதன் மறுபக்கத்தையும் பாருங்கள். மீளப்பெற முடியாதென்று எழுதிய நன்கொடையை, பெற்ற பிள்ளை கைவிட்டாலும், அடித்து விரட்டினாலும், நன்றிகெட்ட நடத்தை என்று நீதிமன்றத்தில் நிரூபித்தே திரும்பப் பெறலாம். அதற்கென்றே 2017இல் ஒரு சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது என்பதிலிருந்து இந்நாட்டுப் பெற்றோரின் நிலையை அறிந்துகொள்ளலாம். மரணசாதனமோ எழுதியவர் கண்மூடும்வரை அவருடைய கைக்குள் இருப்பது. நினைத்தால் கிழிக்கலாம், மாற்றி எழுதலாம். இறுதியாக எழுதியதே நிற்கும். பிள்ளைகள் கவனிக்காமல் விட்டுவிடுவார்கள் என்ற பயத்தால் எழுதாமல் இருப்போர், உண்மையில் அந்தப் பயத்துக்கு மருந்தானதையே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள்.

மாற்றி எழுதுவதைப் பற்றிச் சொன்னபடியால் ஒரு எச்சரிக்கை. எழுதியவர் பின்னர் மணம் முடித்தால் முன்னைய மரணசாதனம் அத்துடன் செல்லாமற்போகும். மனைவியை இழந்து மறுமணம் செய்தவர்கள் இதை அறியாமல் பழைய தாளை நம்பி இருப்பதைக் கண்டிருக்கிறேன்.

தத்துவப் பத்திரம் பற்றியும் ஊரில் ஒரு பிழையான நம்பிக்கை உலவுகிறது. வெளிநாட்டிலிருப்பவர் தம் காணியைப் பார்க்க அண்ணனுக்கோ பெறாமகனுக்கோ தத்துவம் கொடுத்திருப்பார். கொடுத்தவர் இறந்த அன்றே அந்தத் தத்துவமும் இறந்துவிடுகிறது. அதை வைத்துப் பின்னர் எழுதப்படும் உறுதிகள் வழக்குக்கு வித்திடும். "என்னிடம் தத்துவம் இருக்கிறது, அவர் இறந்தாலும் நான் பார்த்துக்கொள்வேன்" என்று சொல்பவரிடம் இதை அமைதியாக எடுத்துச் சொல்லுங்கள். கள்ளத்தனத்தால் அல்ல, அறியாமையாலேயே பலர் அப்படிச் சொல்கிறார்கள்.

போர் நம்மிடமிருந்து எடுத்துப்போன தாள்களையும் நினைக்க வேண்டும். இடம்பெயர்ந்தபோது உறுதிகளைப் பெட்டியோடு விட்டுப்போனவர்கள், கிணற்றடியில் புதைத்துவிட்டுத் திரும்பி வந்து கறையானைத் தோண்டியவர்கள் உங்கள் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள். உறுதியின் இலக்கம், திகதி, எழுதிய நொத்தாரிசின் பெயர் தெரிந்தால் காணிப் பதிவகத்தில் தேடிப் பிரதி எடுக்க வழியுண்டு. ஆனால் இந்த விவரங்கள் இறந்தவரின் நினைவில் மட்டும் இருந்திருந்தால் அவரோடு போய்விடும். நம் காணிகளுக்கெல்லாம் பெயர் உண்டு என்பதே ரொறன்ரோவில் வளர்ந்த பேரனுக்குத் தெரியாது. எந்த வளவு, எத்தனை பரப்பு, அதற்கு வழி எந்தப் பக்கம், தோட்டக் கிணற்றில் பங்கு எவ்வளவு, தண்ணீர் முறை எந்த நாள் என்பவற்றை எழுதாமல், "என் காணியெல்லாம் பிள்ளைகளுக்கு" என்று மரணசாதனம் எழுதுவதும் அரைவேலைதான். கிணற்றுப் பங்கை எழுத மறந்த ஓர் உறுதியால் இரண்டு சகோதரர் பதினான்கு வருடம் பேசாமல் இருந்ததை நான் அறிவேன். மரணசாதனத்தோடு ஒரு சொத்துப் பட்டியலையும் எழுதிவைக்கச் சொல்லுங்கள். அதற்குச் சட்டச் சடங்கு எதுவும் வேண்டாம். ஒரு கொப்பி போதும்.

கிளிநொச்சிப் பக்கத்துக் குடியேற்றத் திட்டங்களில் அரசின் உத்தரவுப் பத்திரத்துடன் காணி பெற்ற குடும்பங்கள் குடாநாட்டிலும் உண்டு. அவை 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வருபவை. அவற்றை மரணசாதனத்தால் கையளிக்க முயலவேண்டாம். பின்னுரித்தாளரைப் பிரதேச செயலகம் ஊடாகப் பெயர் குறிப்பிட்டுப் பதிய வேண்டும். வங்கிக் கணக்குகளுக்கும் ஊழியர் சேமலாப நிதிக்கும் நியமனப் படிவம் உண்டு. அதில் இருபது வருடத்துக்கு முன் எழுதிய பெயர் யாருடையது என்று ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். திருமணத்துக்கு முன் எழுதிய தாயின் பெயரே இன்னும் இருக்கக்கூடும். வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற பிள்ளைகளுக்குக் காணி எழுதும் பெற்றோர், 2014ஆம் ஆண்டின் காணிக் கையளிப்புக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை நொத்தாரிசிடம் குறிப்பாகக் கேட்டறிய வேண்டும்.

இனித் தயக்கத்துக்கு வருகிறேன். "மரணசாதனம்" என்ற சொல்லிலேயே மரணம் இருப்பதால் அதை உச்சரிக்க நம்மவர் கூசுகிறார்கள். எழுதினால் ஆயுள் குறையும் என்று நேரே சொல்வோரும் உண்டு. அரச படிவங்களில் "இறுதி விருப்பாவணம்" என்று வருகிறது. தமிழகத்தார் "உயில்" என்கிறார்கள். பெயர் எதுவானாலும், மரண சகாய நிதிக்கு மாதாமாதம் சந்தா கட்டி, பற்றுச்சீட்டை வாங்கிப் பத்திரப்படுத்தி வைக்கும் ஒருவர், மரணசாதனத்துக்கு மட்டும் சகுனம் பார்ப்பது எனக்கு விளங்குவதில்லை. என் பணிக்காலத்தில் மரணசாதனம் எழுதிய ஒருவர் அதன் பின்னர் நாலுமுறை வந்து அதை மாற்றி எழுதினார். ஐந்தாவது முறை வரும்போது அவருக்கு வயது தொண்ணூற்றிரண்டு.

பயப்பட வேண்டியது பிந்துவதற்கே. மரணசாதனம் எழுதுபவருக்குத் தெளிந்த சித்தம் இருக்க வேண்டும். பாரிசவாதம் வந்து பேச்சிழந்தவரின் கட்டிலைச் சுற்றி நொத்தாரிசையும் சாட்சிகளையும் நிறுத்தி, பெருவிரல் அடையாளம் வாங்கும் காட்சியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். சிலவேளை அது நேர்மையானது. ஆனால் பங்கு கிடைக்காத பிள்ளை அதை நேர்மையென்று நம்பப்போவதில்லை. நீதிமன்றமும் அப்படியான சூழலைச் சந்தேகத்தோடுதான் பார்க்கும். வயது முதிர்ந்தவர் எழுதும்போது அவருடைய மனநிலை குறித்து வைத்தியரின் கடிதம் ஒன்றைக் கையோடு பெற்றுவைப்பது பின்னர் எழும் வாய்களை அடக்கும். பயன்பெறும் பிள்ளையோ அவரது கணவன் மனைவியோ சாட்சியாக ஒப்பமிடக்கூடாது என்பதையும் வற்புறுத்துங்கள். நம்மூரில் வீட்டிலிருக்கும் மருமகனைச் சாட்சிக்கு நிறுத்துவது கைவந்த பழக்கம்.

மரணசாதனம் எழுதினால் நீதிமன்றமே தேவையில்லை என்று யாரும் நினைக்கவேண்டாம். இறந்தபின் அதை மாவட்ட நீதிமன்றத்தில் சமர்ப்பித்து மெய்ப்பிக்க வேண்டும். "டெஸ்ரமென்ரறி" என்று நீதிமன்ற வாசலில் சொல்லப்படும் வழக்கு அதுதான். ஆனால் நிறைவேற்றுபவர் ஒருவரின் பெயர் அதில் எழுதப்பட்டிருந்தால் எவர் பொறுப்பெடுப்பது என்ற இழுபறி இல்லை. அந்தப் பொறுப்பை நாட்டில் இருக்கும் ஒருவரிடம், இயலுமானால் எழுதுபவரைவிட வயதில் இளையவரிடம் கொடுப்பது நல்லது. தம் நண்பரையே நிறைவேற்றுபவராக நியமித்து, நண்பர் முந்திப்போன பல தாள்களை நான் தூசி தட்டி எடுத்திருக்கிறேன். மூலத் தாள் எங்கே இருக்கிறது என்பதை அந்த ஒருவருக்காவது சொல்லிவைக்க வேண்டும். உள்ளே எழுதியிருப்பதைச் சொல்லத் தேவையில்லை.

உங்களிடம் நான் கேட்பது மூன்று காரியங்கள். ஆண்டுக்கு ஒருமுறை, வெளிநாட்டுப் பிள்ளைகள் ஊருக்கு வரும் ஆடி, ஆவணி மாதங்களில் ஒரு நாளை ஒதுக்கி, சனசமூக நிலைய மண்டபத்தில் ஒரு நொத்தாரிசை இருத்துங்கள். கட்டணத்தை முன்னதாகவே பேசி, பலகையில் எழுதிப் போடுங்கள். எவ்வளவு கேட்பாரோ என்ற அச்சத்திலேயே பலர் படியேறுவதில்லை. சாட்சிகளுக்கு ஊரில் பங்கும் உறவும் இல்லாத ஆட்களைச் சங்கமே ஒழுங்கு செய்யலாம். இரண்டாவது, சங்கத்தின் உறுப்பினர் பதிவேட்டில், பெயர், சந்தா, அவசரத்துக்கு அழைக்க வேண்டியவர் என்ற நிரல்களோடு, "மரணசாதனம் உண்டு / இல்லை; மூலம் யாரிடம்" என்று ஒரு நிரலைச் சேருங்கள். உள்ளடக்கம் சங்கத்துக்கு வேண்டாம். செத்தவீட்டில் அலுமாரிகளைக் கிண்டும் வேலையை அந்த ஒரு நிரல் மிச்சப்படுத்தும். மூன்றாவது, 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த முதியோர் சங்கங்கள், பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புக் கோரும் உரிமையையும் முதியோருக்கு அதே நாளில் எடுத்துச் சொல்ல வேண்டும். சொத்தை எழுதிக் கொடுத்துத்தான் சோற்றை வாங்க வேண்டும் என்று நினைக்கும் பெரியவருக்கு வேறு வழியும் உண்டென்று தெரிந்தால், அவர் எழுதும் மரணசாதனம் பயமின்றி எழுதப்பட்டதாக இருக்கும்.

வெளிநாடுகளில் இயங்கும் ஊர்ச் சங்கங்களுக்கும் ஒரு வார்த்தை. நீங்கள் இங்கே வாசிகசாலைக்கும் கோயில் இராசகோபுரத்துக்கும் அனுப்பும் பணத்தில் மிகச் சிறு பங்கு இந்த ஒருநாள் வேலைக்குப் போதும். அதைவிடப் பெரிய உதவி, கோடை விடுமுறையில் வந்து நிற்கும்போது, பெற்றோரிடம் இந்தப் பேச்சை நீங்களே எடுப்பது. "உங்கள் சொத்து எனக்கு வேண்டாம், ஆனால் தங்கச்சிக்கு என்ன எழுதியிருக்கிறீர்கள்?" என்று கேட்கும் பிள்ளையைப் பேராசைக்காரன் என்று எந்தத் தகப்பனும் நினைக்க மாட்டார். நான் அப்படிக் கேட்கவில்லை என்பதை மேலே எழுதிவிட்டேன்.

என் மரணசாதனம் எழுதப்பட்டுவிட்டது. பழைய அலுவலகத்து இளைய நொத்தாரிசே எழுதினார். சாட்சிகள் இருவரும் உறவினரல்லர். என் பங்கான பன்னிரண்டு குழியும், வழக்கு எப்படி முடிந்தாலும் அதற்குப் பதிலாக எனக்கு வரும் காசும், என் தங்கைக்கே. உங்கள் சங்கத்தில் எந்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம் என்றாலும் எனக்கு அறிவியுங்கள். சைக்கிளில் வந்து, என் தாளையே மாதிரியாக வைத்து, எந்த வரி எதற்காக எழுதப்பட்டது என்று விளக்கிச் சொல்வேன். வருகிற பதினெட்டாம் திகதி மட்டும் என்னால் முடியாது. அன்று தங்கையின் வழக்குத் தவணை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நொத்தாரிசு அலுவலக இலிகிதர்,
வலிகாமம், யாழ்ப்பாணம்